பெயருக்கு நேரே ஒரு கையெழுத்து

எதிர்க்கடை மெத்தைக்காரர் ஓட்டுப் போடக் கிளம்பிவிட்டார் என்று என் மனைவி வந்து சொன்னபோது நான் ஒரு கைக்கடிகாரத்தின் பின்மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தேன். கை நழுவிவிட்டது. திருகாணி ஒன்று தரையில் விழுந்து எங்கேயோ ஓடிவிட்டது. அதைத் தேடக்கூடத் தோன்றாமல் வாசலுக்கு வந்தேன்.

"யாரு, அண்ணனா?"

"அவரேதான். இஸ்திரி போட்ட சட்டை வேற. பாருங்க."

தூறலில் குடையை விரித்துக்கொண்டு அவர் படியிறங்கிக்கொண்டிருந்தார். எப்போதும் புருவத்திலும் காது மடலிலும் பஞ்சு ஒட்டியிருக்கும் மனிதர். அன்றைக்குக் குளித்து, தலையைப் படிய வாரியிருந்தார். இன்னாரென்று அடையாளம் தெரியவே ஒரு நொடி பிடித்தது. தெருவில் பாதிப் பேர் வாசலில் நின்று பார்த்தார்கள். இருபத்தோரு வருடமாக ஓட்டுச்சாவடிப் பக்கமே தலைவைக்காதவர் அவர்.

அவர் கடை என்பது ஒரே நீள அறை. பின்னால் பஞ்சு அடிக்கிற மெஷின், நடுவில் மெத்தையை விரித்துத் தைக்கிற மேடை, முன்னால் தெருவைப் பார்த்து ஏழடி அகலத்துக்குத் தகரக் கூரை. அதன் கீழேதான் அவர் மனைவி தையல் மெஷினில் உறை தைப்பார். அடித்த பஞ்சை மூலைமூலையாகத் திணித்து, ஒரு முழ நீள ஊசியால் மேலேயிருந்து கீழே குத்தி, கீழேயிருந்து மேலே வாங்கி, முடிச்சுப் போட்டு இறுக்குவது அவர் வேலை. ஒவ்வொரு முடிச்சுக்கும் ஒரு முனகல். அந்த முனகலுக்கும் அடுத்த முனகலுக்கும் நடுவே பேசுவார். வேலையில்லாதவர்களும் வேலையிருக்கிறவர்களும் உட்கார்ந்து கேட்போம்.

"நான் போடுற ஓட்டு எந்த வீட்டு மேல போய் விழும்னு எனக்குத் தெரியாது தம்பி. கண்ணை மூடிக்கிட்டு ஒரு கல்லை எறிய எனக்கு மனசு வரல. அவ்வளவுதான்."

"எல்லாரும் இப்படியே இருந்தா என்னண்ணே ஆகும்?"

"எல்லாரையும் நான் இருக்கச் சொல்லலியே. என் கையை நான் சுத்தமா வச்சிக்கிறேன்."

இருக்கச் சொல்லவில்லைதான். ஆனால் சொல்லாமலே பலர் இருந்தார்கள். அவர் பேச்சில் ஒரு பாரம் உண்டு. கேட்டவனுக்கு, ஓட்டுப் போடுகிறவன் ஏதோ விவரமில்லாதவன் என்று தோன்றிவிடும். நானும் போவதை நிறுத்தினேன். அவருக்கு அது நோன்பு. எனக்கு, உள்ளதைச் சொன்னால், ஒரு நாள் லீவு. காலையில் இன்னும் ஒரு மணி நேரம் தூங்கலாம்.

அவர் நோன்புக்குக் காரணம் எல்லோருக்கும் தெரியும். இருபத்தோரு வருடம் முன்பு அவருடைய சிநேகிதர் ஒருவர் வார்டு மெம்பருக்கு நின்றார். அவருக்காக இவர் வீடு வீடாக ஏறி இறங்கினார். கால்வாய்க் கரையில் ஒரு வரிசைக் குடிசைகள் இருந்தன. அங்கேயும் போய், "நம்ம ஆளு, நான் பொறுப்பு" என்று கையைப் பிடித்துச் சொல்லிவிட்டு வந்தார். சிநேகிதர் ஜெயித்தார். ஆறாம் மாதம், அடைமழையில், அந்த வரிசையைத்தான் முதலில் இடித்தார்கள். ஒரு வீட்டில் நெஞ்சுச்சளிக்காரர் ஒருவர் இருந்தார். தார்ப்பாய்க்குக் கீழே நான்கு நாள் கிடந்தார். மெத்தைக்காரர் கடையிலிருந்து ஒரு புது மெத்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்ப் போட்டார். அது நனைந்து, நாலு பேர் சேர்ந்தாலும் அசைக்க முடியாதபடி கனத்துப் போயிற்று. அதன் மேலேயே அந்த மனிதர் செத்துப்போனார்.

அதன் பிறகு இவர் மெம்பரோடு பேசவில்லை. மெம்பர் மட்டும் அடுத்தடுத்து ஜெயித்துக்கொண்டே இருந்தார்.

இந்தத் தடவை அவரை எதிர்த்து நின்றது, செத்துப்போனவரின் மகள். அப்போது பத்து வயது. இப்போது பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள். வேன் பொண்ணு என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். ஓட்டுப் பதிவுக்குப் பத்து நாள் முன்பு அவள் கடைக்கு வந்தாள். நானும் அங்கே இருந்தேன். அண்ணி, அதாவது மெத்தைக்காரரின் மனைவி, பக்கத்துத் தெருவில் உறைக்கு அளவெடுக்கப் போயிருந்தார்.

"மாமா, ஓட்டுக் கேக்க வந்திருக்கேன்" என்றாள்.

"தெரியுமேம்மா. நான் போடுறதில்லன்னு உனக்கும் தெரியும்."

"தெரியும். எங்கப்பா செத்ததால போடுறதில்லன்னும் தெரியும். ஆனா எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா, இதுதான் எனக்கு வேணுமான்னு?"

மெத்தைக்காரர் ஊசியைப் பாதியில் நிறுத்தினார்.

"நீங்க போடாம இருந்ததால அந்த ஆளு வீட்டுக்குப் போயிட்டாரா மாமா? நாலு தடவை ஜெயிச்சிருக்காரு. தப்புப் பண்ணிட்டேன்னு நினைச்சா, பண்ணின இடத்துக்கு வந்து சரி பண்ணணும். வீட்டுக்குள்ள உக்காந்துக்கிட்டா எப்படி?"

"நீ மட்டும் அங்க போய் என்ன பண்ணுவேன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாதுதான்" என்றாள் அவள். "நான் தப்புப் பண்ணினா வந்து என் சட்டையைப் பிடிங்க. ஓட்டுப் போட்டவருக்கு அந்த உரிமை உண்டு."

அவள் போன பிறகு அந்த மெத்தையில் நாலு முடிச்சு கோணலாக விழுந்து, பிரித்து மறுபடி போட்டார். ஓட்டுப் போடப் போகிறேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. மனைவியிடம்கூட.

ஆக, அந்தத் தூறலில் அவர் இறங்கியபோது நானும் கடையைச் சாத்திவிட்டுக் கூடவே போனேன். வேடிக்கை பார்க்கத்தான். வீட்டுக்கு வந்த என் வாக்காளர் சீட்டு எங்கே என்று மனைவியிடம் கேட்டதற்கு, "நீங்கதான் போறதில்லையே, எங்க போட்டேனோ" என்று உள்ளே போய்விட்டாள்.

பள்ளிக்கூட வகுப்பறைதான் சாவடி. ஈரச் செருப்புகளின் சேறு வராந்தா முழுக்க. முக்கால் மணி நேரம் வரிசையில் நின்றார். முன்னால் இருந்த கிழவர் ஒருவர் திரும்பிப் பார்த்து, "நீங்களா!" என்றார். இவர் வெட்கப்பட்டுச் சிரித்தார். முதல் தடவை பள்ளிக்கூடம் போகிற பிள்ளையின் முகம் மாதிரி இருந்தது.

மேசைக்காரப் பெண் அவர் அடையாள அட்டையை வாங்கி, பட்டியலில் விரலை ஓட்டி, ஓரிடத்தில் நிறுத்தினார். அட்டையை மறுபடி பார்த்தார்.

"சார், உங்க ஓட்டு போட்டாச்சே."

"இல்லைங்க. இப்பதான் வர்றேன்."

"எட்டேகாலுக்கே போட்டிருக்கு. கையெழுத்து இருக்கு பாருங்க."

பட்டியலைத் திருப்பிக் காட்டினார். நான் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். அவர் பெயருக்கு நேரே, சுழித்துச் சுழித்து, அழகான ஒரு கையெழுத்து. மெத்தைக்காரர் கையெழுத்துப் போட்டால் கோழி கிளறின மாதிரி இருக்கும்.

"இது நான் இல்லைம்மா" என்றார். பத்து விரலையும் விரித்து மேசை மேல் வைத்தார். ஒன்றிலும் மை இல்லை. "நான் இருபத்தோரு வருஷமா ஓட்டே போட்டதில்லையே!"

சுவரோரம் பெஞ்சில் மெம்பரின் ஏஜென்ட் உட்கார்ந்திருந்தார். விகல்பமே இல்லாமல் சிரித்தார் அந்த ஆள்.

"என்னண்ணே, புதுசா கேக்குறீங்க? ஒவ்வொரு தடவையும் உங்க வீட்டுலேர்ந்துதானே சீட்டு வருது."

வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பி அவரைப் பார்த்தார்கள். சொன்னவருக்கே தாமதமாகத்தான் உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தார். மேசைக்காரப் பெண் தாழ்ந்த குரலில், எழுத்து மூலம் புகார் கொடுத்தால் தனிச்சீட்டில் ஓட்டுப் போடலாம், அதை உறையில் போட்டு வைப்போம், ஆனால் விசாரணை வரும் என்றெல்லாம் சொன்னார். இவர் காதில் எதுவும் விழுந்த மாதிரித் தெரியவில்லை. விரித்த விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டு வெளியே வந்தார். குடையை மறந்துவிட்டார். எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். "அண்ணே, அண்ணே" என்றேன். வீடு வரைக்கும் திரும்பவில்லை.

அண்ணி தகரக் கூரையின் கீழே கோடு போட்ட துணியில் உறை தைத்துக்கொண்டிருந்தார். நனைந்து வந்து நின்ற கணவரையும் இஸ்திரிச் சட்டையையும் பார்த்தார். மிதியில் கால் நின்றது. தைத்துக்கொண்டிருந்த தையலை முடிக்காமலே ஊசியை மேலே தூக்கிவிட்டார்.

"எங்க போயிட்டு வர்றீங்க?"

"ஓட்டுப் போட."

அண்ணியின் முகத்தில் ரத்தமே இல்லாமல் போனதை நான் பார்த்தேன். சும்மா சொல்லவில்லை, உதடு வரைக்கும் வெளுத்துவிட்டது.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றார். அவர் வாயிலிருந்து முதலில் வந்தது அதுதான்.

"என் சீட்டை யாருகிட்ட குடுத்த?"

"உங்களுக்குத் தெரிஞ்ச ஆளுதான்."

"எத்தனை தடவை?"

"நாலு."

மெத்தைக்காரர் பஞ்சு மூட்டையைப் பிடித்துக்கொண்டு அதன் மேலேயே சரிந்து உட்கார்ந்தார். நான் கிளம்பப் பார்த்தேன். "இரு தம்பி, நீயும் இதைக் கேக்கணும்" என்றார் அண்ணி. குரலில் நடுக்கம் போய் வேறு ஏதோ ஏறியிருந்தது.

"ரோடு அகலப்படுத்த அளந்தாங்களே, ஞாபகம் இருக்கா? இந்தத் தெருவுல எத்தனை வாசலை இடிச்சாங்க? இந்தக் கூரை மட்டும் ஏன் நிக்குது? கோடு இங்க வந்ததும் ஏன் வளைஞ்சு போச்சு? நீங்க ஒரு நாளாவது கேட்டீங்களா?"

அவர் தலையைத் தூக்கித் தகரத்தைப் பார்த்தார்.

"இடிக்க வந்த அன்னிக்கு நீங்க உள்ள பஞ்சு அடிச்சிக்கிட்டிருந்தீங்க. நான் அந்த ஆளு வீட்டுக்குப் போய் நின்னேன். 'உன் புருஷன் எனக்கு ஓட்டுப் போடுறதில்ல, சரி. அந்தச் சீட்டு சும்மாதானே கிடக்கும், அதைக் குடு'ன்னாரு. குடுத்தேன். அடுத்த தடவை, 'உங்க தெருவுல போடாதவங்க எத்தனை பேரு'ன்னாரு. அதையும் வாங்கிக் குடுத்தேன்."

"எத்தனை?" இந்தத் தடவை கேட்டது நான்.

"முப்பத்தொண்ணு. உன்னோடதும் அதுல இருக்கு. உன் சம்சாரம் தலையணை உறை வாங்க வந்தப்ப கேட்டேன். 'எடுத்துக்கங்க அக்கா, குப்பைக்குத்தானே போகுது'ன்னு குடுத்தா."

யாரோ என் சட்டைப் பையில் கைவிட்டுக்கொண்டே இருக்க, நான் இத்தனை வருடமும் அதை முதுகு தட்டிக்கொடுக்கிற கை என்று நினைத்திருந்த மாதிரி இருந்தது.

மெத்தைக்காரர் அண்ணியைப் பார்த்துக் கேட்டார். "அந்த ஆளுக்கு... நானா நாலு தடவை ஓட்டுப் போட்டிருக்கேன்?"

"நீங்க மட்டுமா? உங்க பேச்சைக் கேட்டுக்கேட்டு தடவைக்குத் தடவை வீட்டுலயே தங்கினவங்கதான் மிச்சம் முப்பதும். நீங்க பேசப்பேச எனக்குச் சீட்டுக் கூடிச்சு. நீங்க கையைக் கழுவிக்கிட்டே இருந்தீங்க. அந்தத் தண்ணியை யாராவது எடுத்துக் கொட்டணுமில்ல? நான் கொட்டினேன்."

சொல்லிவிட்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. இவர் எழுந்து போய் அடிப்பாரோ என்றுகூடப் பயந்தேன். அவர் அசையவில்லை. ஈரச் சட்டையெல்லாம் பஞ்சு ஒட்டியிருந்தது. தட்டிவிடவும் இல்லை.

"அந்த வேன் பொண்ணு இங்க வந்துச்சு, தெரியுமா?" என்றார்.

"தெரியாதே."

"ஆமா. நான் சொல்லல."

தகரத்தில் மழை மட்டும் விழுந்துகொண்டிருந்தது. நான் டீ வாங்கிவந்து வைத்து, சாவடியில் ஏஜென்ட் உளறினதையும் மேசைக்காரப் பெண் சொன்ன புகார் விவரத்தையும் சொன்னேன். மூன்று கோப்பையும் ஆறிப்போயின. சாவடி மூட ஒரு மணி நேரம் இருந்தபோது அண்ணிதான் எழுந்தார். முகத்தைக் கழுவி வந்தார்.

"போய்ப் புகார் எழுதிக் குடுங்க."

"விசாரணை வருமாம். உன்னைத்தான் பிடிப்பாங்க."

"பிடிக்கட்டும். அந்த ஏஜென்ட் வாயால நம்ம வீட்டுப் பேரு அங்க விழுந்தாச்சு. இனிமே நீங்க பேசாம இருந்தா அதுக்கு என்ன அர்த்தம்?"

அவர் போய் எழுதிக் கொடுத்தார். தனிச்சீட்டில் ஓட்டும் போட்டார். அது உறைக்குள் போயிற்று. மறுநாள் எண்ணியபோது அந்த உறையைத் திறக்கவில்லை. வேன் பொண்ணு பத்தொன்பது ஓட்டில் தோற்றாள்.

பத்தொன்பது. தெருவில் அந்த எண்ணைச் சொல்லும்போது ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

வேன் பொண்ணு அதற்கு மறுநாள் மத்தியானம் பிள்ளைகளை இறக்கிவிட்டு நேராகக் கடைக்கு வந்தாள். அண்ணியே எல்லாவற்றையும் சொன்னார். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். வேன் சாவியை உள்ளங்கையில் அழுத்திக்கொண்டு நின்றாள்.

"எங்கம்மாவுக்கு இதை எப்படிச் சொல்லப்போறேன்?" என்று மட்டும் கேட்டாள். பிறகு, "முப்பத்தொரு பேரும் வந்து 'நான் போடல'ன்னு சொல்லணும். ஒருத்தர் சொன்னா நிக்காது" என்றாள்.

அடுத்த ஒரு வாரம் கணவனும் மனைவியும் தெருவில் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். நானும் போனேன். கேட்ட பதில்களை இப்போது நினைத்தாலும் வியர்க்கிறது. "நீங்கதானே சொன்னீங்க, இந்த வம்பே வேணாம்னு?" என்றார் ஒரு பெட்டிக்கடைக்காரர். "ஓட்டுப் போடத்தான் போகல. போடலன்னு சொல்லவும் போகணுமா?" என்று சிரித்தார் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். ஒரு வீட்டில் கதவையே திறக்கவில்லை. மெத்தைக்காரர் ஒவ்வொரு வாசலிலும் ஒரே வார்த்தையைச் சொன்னார்: "நான் சொன்னதுல பாதி சரி, பாதி தப்பு. எந்தப் பாதின்னு இப்பத்தான் தெரியுது. வாங்க." இரண்டாம் நாளே அவருக்குக் குரல் கட்டிவிட்டது. அதற்கப்புறம் அண்ணி பேசினார். "உங்க சீட்டைக் குடுத்தது நான்தான்" என்று ஆரம்பித்துத்தான் பேசினார். சிலர் அவர் முகத்துக்கு நேரே வைதார்கள். துடைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

விசாரணை அன்றைக்கு ஒன்பது பேர் வந்தோம். கணக்கு வாத்தியார் கடைசி நேரத்தில், வேர்த்து விறுவிறுத்து, பத்தாவதாக வந்து சேர்ந்தார்.

என் முறை நான்காவது. அதிகாரி பட்டியலைத் திருப்பி வைத்தார். என் பெயருக்கு நேரே அதே சுழித்த கையெழுத்து. அதே பேனா. எனக்கு முன்னாலும் பின்னாலும் அதே கை. கோபம் வரும் என்று நினைத்தேன். அவமானம்தான் வந்தது. நான் தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில் என் பெயர் மட்டும் எழுந்து, நடந்து, மழையில் வரிசையில் நின்று, என் சார்பில் முடிவெடுத்துவிட்டு வந்திருக்கிறது.

"இது உங்க கையெழுத்தா?"

இல்லை என்றால் அண்ணிக்குக் கேடு. அவர் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார். மெத்தைக்காரர் பக்கத்தில். நான் பார்த்ததும், சொல்லு என்பது மாதிரித் தலையை அசைத்தது அண்ணிதான்.

"இல்லைங்க" என்றேன்.

"அப்போ சீட்டு யாருகிட்ட போச்சு?"

நான் வாயைத் திறக்கும் முன்னால் அண்ணி முன்னுக்கு வந்துவிட்டார். "அவரு வீட்டுல வாங்கினது நான். மீதியையும் நானே சொல்றேன், எழுதிக்கங்க" என்று நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். முப்பத்தொரு பெயரையும் வீட்டு வரிசைப்படி சொன்னார். யாரிடம் கொடுத்தார், எந்தக் கூரைக்காகக் கொடுத்தார் என்பதையும் சொன்னார். எழுதிய குமாஸ்தா இரண்டு தடவை பேனாவை வைத்துவிட்டு அவரையே பார்த்தார்.

எங்கள் சாவடிக்கு மட்டும் மறு வாக்குப்பதிவு என்று உத்தரவு வந்தது. ஏஜென்ட் மேலும் மெம்பர் மேலும் அண்ணி மேலும் வழக்குப் போட்டார்கள். அண்ணிக்கு ஜாமீன் கிடைத்தது. வழக்கு முடிகிற வரை ஓட்டுச்சாவடிக்குள் போகக் கூடாது என்று நிபந்தனை. மறு வாக்குப்பதிவு உத்தரவுக்கு முந்தின வாரமே நகராட்சி ஆட்கள் வந்து, வளைந்த கோட்டை நேராக்கி, தகரக் கூரையை ஏழடிக்கும் கழற்றிக்கொண்டு போனார்கள். தையல் மெஷின் உள்ளே மேடைக்குப் பக்கத்தில் போய்ச் சேர்ந்தது. இருவரும் ஒருவர் முழங்கையில் ஒருவர் இடித்துக்கொண்டு வேலை செய்தார்கள். முதலில் சில நாள் பேசாமல். பிறகு, "கொஞ்சம் தள்ளு", "நீங்க தள்ளுங்க" என்கிற அளவுக்கு.

மறு வாக்குப்பதிவில் வேன் பொண்ணு ஜெயித்துவிட்டாள், நாற்பத்திரண்டு ஓட்டில். வழக்கை அவளால் ஒன்றும் செய்ய முடியாது, செய்யவும் கூடாது என்று அண்ணியே அவளிடம் சொல்லிவிட்டார். ஆனால் எனக்கு மனதில் நிற்பது எண்ணின நாள் அல்ல, போட்ட நாள்தான்.

அன்றைக்கு மழை விட்டிருந்தது. எங்கள் தெருவிலிருந்து ஏறக்குறைய எல்லோரும் வந்திருந்தோம். வரிசை பள்ளிக்கூடக் கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு வந்துவிட்டது. அண்ணியும் கூடவே வந்தார், கேட் வரைக்கும். அதற்கு மேல் அவருக்கு அனுமதியில்லை. மதில் ஓரமாக ஒதுங்கி நின்றார். போகிறவர்கள் வருகிறவர்கள் பார்த்த பார்வைக்கெல்லாம் முகம் கொடுத்துக்கொண்டு நின்றார்.

மெத்தைக்காரர் எனக்கு முன்னால் உள்ளே போனார். மறைப்புக்குப் பின்னால் ரொம்ப நேரம் இருந்தார். மேசைக்காரப் பெண் இரண்டு தடவை எட்டிப் பார்த்தார். வெளியே வந்தபோது அவர் முகம் வெளிறியிருந்தது. நான் என் வேலையை முடித்துவிட்டு ஓடிவந்து அவரைப் பிடித்தேன். கேட்டில் அண்ணி காத்திருந்தார்.

"என்னங்க, இவ்வளவு நேரம்? உடம்புக்கு முடியலையா?"

"கை நடுங்கிடுச்சு" என்றார் அவர். "அந்தக் காலத்துல சும்மா குத்திட்டு வந்தேன். நடுங்கவே இல்ல."

அண்ணி அவர் கையை வாங்கிப் பார்த்தார். இன்னும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, அதை விடாமல் பிடித்தபடியே வீட்டுக்கு நடந்தார்.